கப்பலுக்குள் ஒரு தட்டல்

எங்கள் ஊர் மாவு மில்லில் வெகு காலம் ஒரு பழைய எண்ணெய் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடினால் சுவரெல்லாம் அதிரும். மிளகாய் அரைக்க வந்த பெண்கள் ஒருவரோடொருவர் கையால் ஜாடை காட்டித்தான் பேசிக்கொள்வார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவே, எஞ்சினுக்கு ஆறடி தள்ளிக் கிடந்த விசிப்பலகையில், மில் டிரைவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சுகமாகத் தூங்குவார். ஒரு நாள் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் துள்ளி எழுந்தார். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அதே இரைச்சல், அதே அதிர்வு. அவர் ஒரு நீளமான திருப்புளியை எடுத்து, அதன் இரும்பு முனையை எஞ்சினின் வயிற்றில் ஓரிடத்தில் ஊன்றி, மரப்பிடியைக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். அப்படி மூன்று நான்கு இடங்களில் கேட்டுவிட்டு எஞ்சினை நிறுத்திவிட்டார்.

"என்ன அண்ணே?" என்று கேட்டேன்.

"தட்டுது தம்பி" என்றார்.

அன்று மத்தியானம் முழுவதும் மில் ஓடவில்லை. முதலாளி வந்து சத்தம் போட்டார். டிரைவர் அசைந்து கொடுக்கவில்லை.

யந்திரங்களோடு வாழ்கிறவர்களை எழுப்புவது சத்தம் அல்ல, சத்தத்தில் ஏற்படும் மாறுதல்தான் என்பதை நான் அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். வெகு நாள் கழித்து ஒரு கடற்பிரயாணத்தின் வரலாற்றைப் படித்தபோது அந்த மில் டிரைவர் மறுபடியும் ஞாபகத்துக்கு வந்தார். 1921-ஆம் வருஷம், 'க்வெஸ்ட்' என்ற பாய்மரக் கப்பல் இங்கிலாந்தை விட்டுத் தெற்கு நோக்கிப் புறப்பட்ட சில நாட்களுக்குள், அதன் வயிற்றிலிருந்த யந்திரம் தட்ட ஆரம்பித்தது. அந்தத் தட்டல் ஒரு பெரிய பிரயாணத்தின் திசையையே மாற்றிவிட்டது. தட்டியது யந்திரம் மட்டும் அல்ல என்பதுதான் இதில் என் மனத்தை விட்டுப் போகாத விஷயம்.

கப்பலின் தலைவர் ஸர் எர்னஸ்ட் ஷாக்கிள்டன். தென் துருவ யாத்திரைகளைப் பற்றி ஏதாவது ஒரு புஸ்தகம் படித்தவர்களுக்கும் இந்தப் பெயர் தெரிந்திருக்கும். 1909-ல் துருவத்துக்கு நூறு மைலுக்கும் குறைவான தூரத்தில் நின்றுகொண்டு, மேலே போனால் உயிரோடு திரும்ப முடியாது என்று கணக்குப் போட்டுத் திரும்பி வந்தவர். 1915-ல் 'என்டூரன்ஸ்' கப்பலைப் பனிக்கட்டி நசுக்கி முழுங்கிவிட்ட பிறகு, அதிலிருந்த அத்தனை பேரையும் உயிரோடு வீடு கொண்டு வந்து சேர்த்தவர். இப்படிப்பட்ட மனிதர் யுத்தத்துக்குப் பிறகு என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? லண்டனில் ஒரு ஹாலில், தம்முடைய கப்பல் நசுங்குகிற சினிமாப் படத்தைக் காட்டி, தினம் இரண்டு வேளை பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். கடன் இருந்தது. தம் துக்கத்தையே நாளுக்கு இரண்டு தடவை டிக்கெட் போட்டுக் காட்டுவது எப்படிப்பட்ட பிழைப்பாக இருந்திருக்கும் என்று நான் பல தடவை யோசித்ததுண்டு.

அவரை மறுபடியும் கடலுக்கு அனுப்பியவர் ஜான் ராவெட் என்ற பணக்காரர். ஷாக்கிள்டனோடு டல்விச் பள்ளிக்கூடத்தில் படித்தவர். சாராய வியாபாரத்தில் சம்பாதித்தவர். முதலில் கனடாவுக்கு வடக்கேயுள்ள கடலுக்குப் போவதாகத்தான் யோசனை. கனடா சர்க்கார் கையை விரித்துவிடவே, தெற்கே போவதென்று திட்டம் மாறிற்று. அன்டார்ட்டிக் கரையில் யாரும் வரையாத பகுதிகளை வரைவது, பழைய படங்களில் இருந்து பிறகு யாருக்கும் அகப்படாமல் போன தீவுகளைத் தேடுவது என்றெல்லாம் பெரிய ஜாபிதா. ஆட்கள் சுலபமாகச் சேர்ந்துவிட்டார்கள். 'என்டூரன்ஸ்' பிரயாணத்தின் சம்பளமே சிலருக்கு முழுக்க வந்து சேரவில்லை. அப்படியிருந்தும் பழைய ஆட்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். இரண்டாவது ஸ்தானத்தில் ஃப்ராங்க் ஒயில்ட், மாலுமி சாஸ்திரத்தில் புலியான வொர்ஸ்லி, டாக்டர்கள் மாக்ளினும் மக்கில்ராயும், பாஞ்சோ வாத்தியம் வாசிக்கும் ஹஸ்ஸி. யந்திர அறைக்குக் கெர். 'என்டூரன்ஸ்' கப்பலில் இரண்டாவது எஞ்சினியராக இருந்து, யானைத் தீவில் கவிழ்த்துப் போட்ட படகுகளுக்கு அடியில் மாதக் கணக்கில் காத்துக் கிடந்தவர்களில் ஒருவர் அவர்.

கப்பல்தான் சரியாக அமையவில்லை. 1917-ல் நார்வேயில் ரிஸோர் என்ற ஊரில் கட்டிய மரக்கப்பல். சீல் வேட்டைக்கு என்று கட்டியது. முதலில் அதற்கு 'ஃபோகா' என்று பெயர். 111 அடி நீளம், 24 அடி அகலம். நம் ஊர்க் கல்யாண மண்டபங்களில் இதைவிடப் பெரியவை உண்டு. பாயும் உண்டு, நீராவி யந்திரமும் உண்டு. மணிக்கு 8 கடல்மைல் போகும் என்று சொல்லி விற்றார்கள். நடைமுறையில் ஐந்தரை போவதே பெரும்பாடாக இருந்தது. சின்ன அலைக்கும் குடிகாரனைப் போல் தள்ளாடும். 

பாய்மரக் கப்பலுக்குள் யந்திரத்தை வைப்பது ஒரு கலப்புக் குடித்தனம். காற்று இருக்கும்போது பாய், காற்று விழுந்தால் யந்திரம் என்று சொல்வதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மரத்தின் சுபாவம் வேறு, இரும்பின் சுபாவம் வேறு. மரக்கப்பல் அலையின்மேல் ஏறும்போது நடுமுதுகு தூக்கிக்கொள்ளும், இறங்கும்போது தொய்யும். இப்படி வளைந்து கொடுப்பதனால்தான் அது உடையாமல் இருக்கிறது. யந்திரமோ ஒரு மயிரிழை வளைவதற்குக்கூடச் சம்மதிக்காது. அந்த வளையாத சாமானை இந்த வளைகிற தொட்டிலில் கிடத்தி, அதிலிருந்து ஒரு நீண்ட இரும்புத் தண்டைப் பின்பக்கம் வரையில் ஓட்டி, கப்பலின் பிருஷ்டத்தைத் துளைத்து வெளியே விட்டு, அதன் நுனியில் நீரைத் தள்ளும் விசிறியை மாட்டுகிறார்கள். எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும்வரையில் சரி.

தட்டல் எப்படி உண்டாகிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீராவி யந்திரத்தில் பிஸ்டன் மேலும் கீழுமாகப் போய் வருகிறது. அந்தப் போக்குவரத்தைக் கனெக்டிங் ராடு என்ற கை பிடித்துக்கொண்டு கிராங்க் ஷாஃப்டைச் சுற்றுகிறது. கையும் ஷாஃப்டும் சேருகிற மூட்டில் பித்தளையும் வெள்ளை உலோகமுமான பேரிங் இருக்கும். பிஸ்டன் ஒவ்வொரு தடவை திசை திரும்பும்போதும், மூட்டின் ஒரு பக்கத்தில் அழுந்திக்கொண்டிருந்த பாரம் மறுபக்கத்துக்குத் தாவுகிறது. மூட்டில் எண்ணெய் நிற்கிற அளவுக்கு மட்டும் இடைவெளி இருந்தால், தாவுவது தெரியாது. ஒரு காகித கனம் அதிகமாகத் தேய்ந்துவிட்டால் 'டொக்' என்று அடித்துவிட்டுத்தான் தாவும். ஒரு சுற்றுக்கு இரண்டு அடி. நிமிஷத்துக்கு எத்தனை சுற்றோ அதைப் போல் இரண்டு மடங்கு அடி. அடிக்க அடிக்க இடைவெளி அகலும். அகல அகல அடி பலக்கும்.

"அப்படியானால் முடுக்கிவிட வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். முடுக்கினால் எண்ணெய்க்கு இடம் இல்லாமல் போய், பேரிங் சூடேறி, உள்ளேயிருக்கும் வெள்ளை உலோகம் உருகி ஓடிவிடும். தளர்ந்தால் தட்டும், இறுகினால் சுடும். இந்த இரண்டுக்கும் நடுவிலே உள்ள சந்தில்தான் எஞ்சினியரின் ஜீவனம் நடக்கிறது. அந்த இடைவெளியை அளப்பதற்கு அந்தக் காலத்து ஆட்கள் கையாண்ட உபாயம் எனக்கு மிகவும் பிடித்தது. மூட்டைப் பிரித்து, நடுவில் ஒரு மெல்லிய ஈயக் கம்பியை வைத்து, பழையபடி முடுக்கி, மறுபடியும் பிரித்து எடுப்பார்கள். நசுங்கிய ஈயத்தின் கனம் எவ்வளவோ அவ்வளவுதான் உள்ளே இருக்கும் இடைவெளி. கண்ணுக்கும் கைக்கும் எட்டாத ஓரிடத்தை ஈயம் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுகிறது.

ஆனால் தட்டுகிற சத்தமெல்லாம் மூட்டிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. ஸிலிண்டருக்குள் ஆவி குளிர்ந்து நீராகத் தேங்கினாலும் தட்டும். அது சுத்தியலால் அறைந்தது போல் கணீரென்று கேட்கும். யந்திரத்தைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்தால் தளமே அதிரும். பின்பக்கத்து விசிறி ஆடினால் சத்தம் தண்டு வழியாக முன்னே ஓடிவரும். இரும்பு சத்தத்தைக் கடத்துவதில் கெட்டிக்கார வஸ்து. ஓரிடத்தில் அடிபட்டதை இன்னோரிடத்தில் உரக்கச் சொல்லும். ஆகையால் எங்கே பலமாகக் கேட்கிறதோ அங்கேதான் கோளாறு என்று ஸ்பானரை எடுத்தவன் மோசம் போனான். வேகத்தைக் குறைத்துப் பார்க்க வேண்டும்; ஆவியைக் கொஞ்சம் அடைத்துப் பார்க்க வேண்டும்; பாரம் குறைந்ததும் சத்தம் அடங்குகிறதா, அடங்காமல் நிதானமாகத் தட்டுகிறதா என்று கவனிக்க வேண்டும். ஓடும் பேரிங்கின்மேல் புறங்கையை வைத்துச் சூடு பார்க்க வேண்டும். கம்பியையோ திருப்புளியையோ காதில் வைத்துக் கேட்பது இதெல்லாம் ஆன பிறகு.

இன்னொரு சங்கடமும் உண்டு. தேய்ந்த மூட்டைச் சரி செய்கிறோம், சத்தம் நிற்கிறது. நாலு நாளில் திரும்பவும் தட்டுகிறது. மறுபடியும் சரி செய்கிறோம், மறுபடியும் தட்டுகிறது. அப்போது மூட்டைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. மூட்டைத் தேய வைப்பது எது என்று பார்க்க வேண்டும். தண்டு நேர்க்கோட்டை விட்டு விலகியிருந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் அது வளைந்து நிமிர்ந்து, எந்தப் புது பேரிங்கைப் போட்டாலும் தின்றுவிடும்.

'க்வெஸ்ட்' கப்பலுக்கு வந்திருந்தது இந்த வியாதிதான். அதன் கிராங்க் ஷாஃப்ட் நேராக உட்கார்ந்திருக்கவில்லை.

இது நீராவிக் காலத்தோடு போன சமாசாரம் அல்ல. இன்றைக்கும் முப்பது, நாற்பது வருஷத்துப் பழைய பாய்ப் படகுகளை வாங்கி வைத்துக்கொண்டு, அதிலுள்ள சின்ன டீசல் எஞ்சினோடு மல்லுக்கு நிற்கிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அனுபவஸ்தர்கள் சொல்லும் முதல் பாடம்: படகு கரையில் கட்டைகளின்மேல் நிற்கும்போது எஞ்சினையும் தண்டையும் நேர் பார்த்துவிட்டுத் திருப்திப்பட்டுவிடாதே, தண்ணீரில் இறக்கு, இரண்டொரு நாள் மிதக்க விடு, உடம்பு தன் இயல்பான வடிவத்துக்கு வந்த பிறகு பார். எஞ்சினும் தண்டும் கைகோக்கும் இடத்தில் இரண்டு இரும்பு வட்டங்கள் முகத்தோடு முகம் பொருந்தி நிற்கும். அவற்றுக்கு நடுவே மெல்லிய தகட்டைச் செருகிச் சுற்றிலும் அளந்தால், வட்டத்தின் குறுக்களவில் ஓர் அங்குலத்துக்கு ஆயிரத்தில் ஓர் அங்குலம் வரையில்தான் வித்தியாசம் இருக்கலாம் என்பது அவர்களுடைய வாய்ப்பாடு. அதைப் பார்க்காமல் பேரிங்கை மாற்றிக்கொண்டே இருப்பவனுக்குக் கடைசியில் மிஞ்சுவது பில்தான்.

இங்கே இன்னொரு கப்பலின் நினைவு வருகிறது. 1910-ல் ஆமுன்ட்ஸென் தென் துருவத்துக்குக் கிளம்பியபோது, தம்முடைய 'ஃப்ராம்' கப்பலில் இருந்த நீராவி யந்திரத்தைக் கழற்றிவிட்டு, அப்போது புதுமையாக இருந்த 180 குதிரைச் சக்தி டீசல் எஞ்சினை வைத்துக்கொண்டார். அதோடு நிற்கவில்லை. ஸ்டாக்ஹோமில் அந்த எஞ்சினைச் செய்த தொழிற்சாலையிலிருந்தே ஸுன்ட்பெக் என்ற எஞ்சினியரையும் கப்பலோடு அழைத்துப் போனார். நோயாளியோடு வைத்தியனையும் கூட்டிப் போவது என்றால் இதுதான். ஷாக்கிள்டனுக்கு அதற்கெல்லாம் அவகாசமோ பொறுமையோ இருந்ததில்லை. கிடைத்த கப்பல், கிடைத்த யந்திரம், நம்பகமான பழைய ஆட்கள், பிறகு தைரியம். அவருடைய முறை அதுவாகவே இருந்து வந்தது. அது பல தடவை பலித்தும் இருக்கிறது.

1921, செப்டம்பர் 17-ந் தேதி 'க்வெஸ்ட்' லண்டனை விட்டது. பாலங்களிலும் கரைகளிலும் ஜனங்கள் நின்று வழியனுப்பினார்கள். லிஸ்பனுக்குப் போய்ச் சேருவதற்குள்ளேயே யந்திரம் படுத்துவிட்டது. அங்கே ஒரு வாரம் ரிப்பேர். அப்புறம் மடேராவில் நின்றார்கள். அப்புறம் வெர்ட் முனைத் தீவுகளில் நின்றார்கள். போன துறைமுகத்தில் எல்லாம் ரிப்பேர் என்று ஆகிவிட்டது. வீட்டில் ஒரு பழைய மோட்டார் கார் வைத்திருந்தவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும். திண்டிவனத்தில் ஒரு மெக்கானிக், விழுப்புரத்தில் ஒரு மெக்கானிக் என்று பார்த்துக்கொண்டே திருச்சிக்குப் போகிற பிரயாணம் அது. ஒவ்வொருவனும் ஒன்றைச் சரி செய்வான்; வண்டி ஊர் எல்லையைத் தாண்டியதும் பழைய பாட்டைப் பாட ஆரம்பிக்கும்.

நாள் போய்க்கொண்டிருந்தது. அன்டார்ட்டிக் பிரதேசத்தில் வேலை செய்யக்கூடிய கோடைக் காலம் சில மாதங்கள்தான். ஷாக்கிள்டன் கப்பலை நேரே மேற்கே திருப்பி, தென் அமெரிக்காவில் ரியோ டி ஜெனிரோவுக்கு ஓட்டச் சொன்னார். அங்கேதான் யந்திரத்தை முழுக்கப் பிரித்துப் பார்க்கக்கூடிய பட்டறை வசதி இருந்தது. நவம்பர் 22-ல் ரியோ. அங்கே நாலு வாரம் போயிற்று. பாய்மரத்தின் உச்சிக் கம்பமும் பழுதாகியிருந்ததால் அதையும் மாற்ற வேண்டியதாயிற்று.

இந்த நாலு வாரத்தின் விலையைச் சொல்ல வேண்டும். முதல் திட்டப்படி கப்பல் ஆப்பிரிக்காவின் கோடியிலுள்ள கேப் டவுனுக்குப் போயிருக்க வேண்டும். பிரயாணத்துக்கு வேண்டிய சாமான்களில் பெரும் பகுதி அங்கே முன்னாலேயே போய்க் காத்துக்கொண்டிருந்தது. கப்பலில் ஒரு சின்னக் கடல் விமானம் இருந்தது; பனிக்கு மேலே பறந்து வழி பார்ப்பதற்காக ஆசையாகக் கொண்டுவந்தது. அதற்கு வேண்டிய பாகங்களும் கேப் டவுனில் இருந்தன. இப்போது கேப் டவுனுக்குப் போக நேரம் இல்லை. எல்லாவற்றையும் கைவிட்டு, நேரே தெற்கே ஸௌத் ஜார்ஜியா தீவுக்குப் போவதென்று தீர்மானம் ஆயிற்று. விமானம் அந்தப் பிரயாணம் முழுவதும் ஒரு நாளாவது பறக்கவில்லை. ஸௌத் ஜார்ஜியாவுக்குப் பிறகு என்ன செய்யப் போகிறோம் என்பது தலைவருக்கே தெரியவில்லை என்று மாக்ளின் எழுதியிருக்கிறார். ஒரு மூட்டில் காகித கனம் இடைவெளி. அதன் வழியாக ஒரு வருஷத்துத் திட்டம் கசிந்து போய்விட்டது.

டிசம்பர் 17. மறுநாள் கப்பல் புறப்பட வேண்டும். அன்றைக்கு ஷாக்கிள்டன் படுத்துவிட்டார். டாக்டர் மாக்ளினை அழைத்து வந்தார்கள். மாக்ளின் இந்தியாவில் பிறந்தவர்; 'என்டூரன்ஸ்' காலத்திலிருந்து ஷாக்கிள்டனை அறிந்தவர். மாரடைப்பு என்று சந்தேகப்பட அவருக்கு நியாயம் இருந்தது. ஆனால் ஷாக்கிள்டன் தம்மைப் பரிசோதிக்க விடவில்லை. காலையில் எழுந்து, சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டார். கப்பல் 18-ந் தேதி கிளம்பிற்று.

யந்திரத்தின் தட்டலைக் கேட்பதற்காக நாலு துறைமுகங்களில் கப்பலை நிறுத்திய அதே மனிதர்!

இது முதல் தடவையும் அல்ல. 1903-ல், ஸ்காட்டின் தலைமையில் முதல் தடவையாகத் தெற்கே போனபோது, ஸ்கர்வியும் மூச்சுத் திணறலுமாக விழுந்தார். டாக்டரைக் கலந்துகொண்டு, ஸ்காட் அவரை உதவிக்கு வந்த கப்பலில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார். மற்றவர்கள் பனியில் நின்று கையசைக்க, இருபத்தொன்பது வயதுப் பிள்ளை கப்பலில் அழுதுகொண்டு போனான் என்று நான் கற்பனை செய்துகொள்வதுண்டு. 1907-லிருந்து 1909 வரை நடந்த 'நிம்ராட்' யாத்திரையில் டாக்டர் மார்ஷல் அவருடைய மார்பில் குழலை வைத்துக் கேட்டு, இருதயத்தில் இயல்பில்லாத ஒரு முணுமுணுப்பு இருப்பதைக் குறித்து வைத்தார். 1918-ல் நார்வேயின் வடக்கே ட்ராம்ஸோ துறைமுகத்தில் முகம் வெளிறிப் படுத்தபோது, கூட இருந்த மக்கில்ராய் இருதயம்தான் என்று சந்தேகித்தார். அப்போதும் ஷாக்கிள்டன் சட்டையைக் கழற்ற மறுத்துவிட்டார்.

ஏன் மறுத்தார்? பயம் என்று சொல்லிவிடலாம். அவரைப் பற்றி அந்த வார்த்தையைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. என் அபிப்பிராயம், அவருக்கு விடை தெரிந்திருந்தது. டாக்டரின் வாய்வார்த்தை ஒரு மனிதனைக் கப்பலிலிருந்து இறக்கிவிடும் என்பதை 1903-லேயே அனுபவித்தவர் அவர். யந்திரம் தட்டினால் கப்பல் சில நாள் நிற்கும். தலைவரின் மார்பு தட்டுகிறது என்று ஊருக்குத் தெரிந்தால், பணம் கொடுத்தவர் நிறுத்திவிடுவார், பிரயாணமே நிற்கும். பிறகு மறுபடியும் அந்த ஹால், தினம் இரண்டு வேளைப் பிரசங்கம். கேட்காத வரையில் அது வெறும் சத்தம். கேட்டுவிட்டால் அதற்கு ஒரு பெயர் வந்துவிடும்.

டாக்டருக்கும் நியாயம் செய்ய வேண்டும். பாரிஸில் லாயனெக் என்ற வைத்தியர் 1816-ல் காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதிலிருந்து, நூறு வருஷத்தில் வைத்தியர்கள் இருதயத்தின் சத்தங்களை மில் டிரைவரைப் போலவே பிரித்துப் பிரித்துப் படித்துவிட்டார்கள். ஆனால் கேட்டுத் தெரிந்துகொண்டதும் என்ன செய்வது? கெர்ருக்கு ரியோவில் பட்டறை இருந்தது. பிரித்து, நேர் பார்த்து, திரும்பப் பூட்டலாம். மாக்ளினுக்கு 1921-ல் அப்படி ஒரு பட்டறை உலகத்தில் எங்குமே கிடையாது. நெஞ்சு வலிக்கு நைட்ரோகிளிசரின் கொடுக்கலாம், படுக்கச் சொல்லலாம், ஊருக்குப் போகச் சொல்லலாம். அவ்வளவுதான். ஷாக்கிள்டன் சட்டையைக் கழற்றியிருந்தாலும் அவர் பிழைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. மனைவி மக்கள் பக்கத்தில் இருக்க, இன்னும் கொஞ்ச காலம் படுக்கையில் இருந்திருக்கலாம். அதைத்தான் அவர் வேண்டாம் என்றாரோ என்னவோ.

ரியோவை விட்ட பிறகு பழைய உற்சாகம் அவரிடம் இல்லை என்று கூடப் போனவர்கள் எழுதியிருக்கிறார்கள். கடலில் மதுவைத் தொடுவதில்லை என்று விதி வைத்திருந்தவர், வலி மரத்துப் போவதற்காகக் காலையில் ஷாம்பேன் குடிக்க ஆரம்பித்தார். கிறிஸ்துமஸ் சமயத்தில் பெரும் புயல். சமையற்கட்டில் ஒன்றும் நிற்கவில்லை. பண்டிகையைத் தள்ளி வைத்தார்கள். அது போதாதென்று நீராவி உண்டாக்கும் உலையில் புதிதாக ஒரு கோளாறு. கப்பலின் வேகம் இன்னும் குறைந்தது. தட்டல் நின்றது என்று மூச்சு விடுவதற்குள் இது. அந்த நாட்களில் அவர் யந்திர அறைக் கதவண்டை நின்று என்ன கேட்டுக்கொண்டிருந்திருப்பார் என்று நினைத்தால் மனம் என்னவோ செய்கிறது.

1922, ஜனவரி 4-ந் தேதி ஸௌத் ஜார்ஜியா தெரிந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே தீவின் மலைகளைத்தான் அவர் இரண்டு பேரோடு கால்நடையாகத் தாண்டி உதவி தேடி வந்தார். க்ரிட்விகென் துறையில் நங்கூரம் போட்டார்கள். திமிங்கில வேட்டைக்காரர்களின் குடியிருப்புக்குப் போய்ப் பழைய சிநேகிதர்களைப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகத் திரும்பினார். தள்ளி வைத்த கிறிஸ்துமஸை மறுநாள் கொண்டாடுவோம் என்று ஒயில்டிடம் சொன்னார். நாட்குறிப்பில், இருட்டுகிற வானத்தில் விரிகுடாவுக்கு மேலே ஒற்றை நட்சத்திரம் தெரிந்ததைப் பற்றி எழுதினார். தூங்கினார்.

விடியற்காலம் இரண்டு மணிக்கு மேல் அவருடைய அறையிலிருந்து விசில் சத்தம் கேட்டது. காவலில் இருந்தவர் மாக்ளின்தான். முதுகு வலி, முகத்தில் வலி, தூங்க மருந்து கொடு என்றார் ஷாக்கிள்டன். உடம்பை மிகவும் வருத்திக்கொள்கிறீர்கள், ஒழுங்காக இருக்க வேண்டும் என்று மாக்ளின் மெதுவாகச் சொன்னார். எப்போது பார்த்தாலும் எதையாவது விடச் சொல்கிறாயே, இப்போது எதை விட வேண்டும் என்று கேட்டார் ஷாக்கிள்டன். குடியைத்தான் முக்கியமாக என்றார் டாக்டர். அந்தப் பேச்சு முடிந்த உடனேயே வலி பலமாக வந்து, சில நிமிஷங்களில் உயிர் போய்விட்டது. அவருக்கு வயது 47.

ஜீவித்திருந்தபோது பரிசோதிக்க முடியாத உடம்பை மாக்ளின் பிறகு பரிசோதித்தார். இருதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களின் உட்சுவர் தடித்து அடைத்திருந்தது. அது ஒரு நாளில் வந்ததல்ல. மார்ஷல் கேட்ட முணுமுணுப்புக்கு இது காரணமாக இருக்க வேண்டியதில்லை. 2016-ல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் பழைய குறிப்புகளை எல்லாம் சேர்த்துப் பார்த்து, பிறவியிலேயே இருதயத்தின் நடுச்சுவரில் ஓட்டை இருந்திருக்கலாம் என்று ஓர் ஊகம் வெளியிட்டார்கள். சத்தம் ஓரிடம், கோளாறு ஓரிடம் என்று மில் டிரைவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான்.

உடலை இங்கிலாந்துக்குக் கொண்டுபோகக் கிளம்பினார் ஹஸ்ஸி. மான்டிவிடியோ வரையில் போனதும், தீவிலேயே அடக்கம் செய்யும்படி எமிலி ஷாக்கிள்டனிடமிருந்து செய்தி வந்தது. மார்ச் 5-ந் தேதி க்ரிட்விகெனில் திமிங்கில வேட்டைக்காரர்களின் இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். ஹஸ்ஸியைத் தவிர, கப்பலில் இருந்தவர்கள் யாரும் அப்போது அங்கே இல்லை. ஒயில்ட் கப்பலை நடத்திக்கொண்டு தெற்கே போய்விட்டிருந்தார். பனியைப் பிளந்து போக யந்திரத்துக்குச் சக்தி போதவில்லை. கொஞ்ச நாள் பனியில் சிக்கியும் கிடந்தார்கள். செப்டம்பர் 16-ல், புறப்பட்டு ஒரு வருஷம் ஆக ஒரு நாள் குறைவாக, பிளிமத்துக்குத் திரும்பினார்கள். வரவேற்க அவ்வளவாகக் கூட்டம் இல்லை.

கெர்ரைப் பற்றிப் புஸ்தகங்களில் அதிகம் எழுதியிருக்கவில்லை. எஞ்சினியர்களைப் பற்றி எப்போதுமே அதிகம் எழுதுவதில்லை. ரியோவுக்குப் பிறகு, அந்த யந்திரத்தையும் அந்த உலையையும் வைத்துக்கொண்டு, கப்பலைப் பனிக்குள் கொண்டுபோய் வெளியே கொண்டுவந்ததில் அவருடைய பங்கு எவ்வளவு என்பதை வாசகர்கள்தான் யூகித்துக்கொள்ள வேண்டும்.

'க்வெஸ்ட்' நார்வேக்காரர்களிடம் திரும்பிப் போய் மறுபடியும் சீல் வேட்டைக் கப்பல் ஆயிற்று. ஷாக்கிள்டன் உயிர் விட்ட அறையைத் தனியே கழற்றி வைத்துக் காப்பாற்றினார்கள். அயர்லாந்தில், அவர் பிறந்த கில்டேர் ஜில்லாவில் உள்ள அதை என்ற ஊரின் அருங்காட்சிசாலைக்கு அது வந்து சேர்ந்தது. மட்டமான கப்பல், ஒரு புயலுக்குத் தாங்காது என்று எல்லோரும் சொன்ன அந்த மரக்கூடு அதற்குப் பிறகும் நாற்பது வருஷம் பனிக்கடலில் உழைத்தது. 1930-ல் கிரீன்லாந்துக்குப் போன இன்னொரு பிரிட்டிஷ் யாத்திரையையும் சுமந்தது. 1962, மே 5-ந் தேதி, லாப்ரடார் கரைக்கு அப்பால் பனிக்கட்டிகள் அதை நெருக்கி உடைத்தன. கப்பலில் இருந்தவர்கள் தப்பினார்கள்.

2024-ஆம் வருஷம் ஜூன் மாதம் கனடா நாட்டுப் பூகோள சங்கத்தார் அதைத் தேடிப் போனார்கள். கடலுக்குள் சத்தத்தை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கேட்டுப் படமாக்கும் கருவியைப் படகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு நாட்கணக்கில் அலைந்தார்கள். 390 மீட்டர் ஆழத்தில் எதிரொலி கிடைத்தது. பாய்மரம் முறிந்து பக்கத்தில் கிடந்தது. கப்பல் மட்டும் அடிக்கட்டையின்மேல், ஏறக்குறைய நேராக உட்கார்ந்திருந்தது.